பிள்ளைகள் யாருக்கும் இருமல் இல்லை

கொரோனாப் பரிசோதனையும் கட்டுப்பாடுகளும் பள்ளியை விட்டுப் போன பிறகும், காவ்யாவின் அம்மா மட்டும் தினமும் மகளோடு பள்ளி வாசலில் காத்திருப்பார். காவ்யாவின் அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம். சாதாரணச் சளிகூட ஆகாது. வகுப்பாசிரியை நான், வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று அவருக்கு வாட்ஸாப்பில் சொல்வேன். யாராவது இருமினால் காவ்யா வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை இருமியது நான். லீவு எடுத்தால் என் வகுப்பு மற்ற ஆசிரியர்களின் ஓய்வு நேரத்தில் போய் விழும், முகங்கள் சுருங்கும். "இப்ப யாரு டெஸ்ட் எடுக்கச் சொல்றா? மருந்த குடிச்சிட்டு வாங்க லா," என்றார் சக ஆசிரியை.

போனேன். "பிள்ளைங்க யாருக்கும் இல்லக்கா, அனுப்புங்க," என்று எழுதினேன். என்னைச் சேர்க்கவில்லை. அன்று காவ்யாவின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். பிறகு அவள் அப்பா ஆஸ்பத்திரியில்.

காவ்யாவின் புத்தகங்களை வாங்கிப்போக வந்த அவள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் ஓடினேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் என்னாலதான் டீச்சர். மீன் வாங்க பாசாருக்குப் போனேன், அந்தச் சந்தைக் கூட்டத்துலேருந்து நோயக் கொண்டாந்துட்டேன். நீங்க பாவம், தெனமும் கரெக்டாத்தான் சொன்னீங்க."

அன்று இருமியது நான் என்று சொல்லாமலே புத்தகங்களை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

அப்பா பிழைத்துவிட்டார், சிறுநீரகம் பழையபடி இல்லை. நோய் என்னிடமிருந்துதான் போனதா, தெரியாது. பழியைக் காவ்யாவின் அம்மா தலையில் விட்டுவந்தது நான்தான். அம்மா இன்னும் பாசார் பக்கமே போவதில்லை என்று காவ்யா சொல்லும்போதெல்லாம், கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொள்கிறேன்.