சாகக் கூடாத சத்தார்குல்

சத்தார்குல் என் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர்தான். வெல்டிங் வேலை செய்வார். கதவு, அடுப்புக் குழாய், டிராக்டர் கொக்கி என்று எங்கள் முஸ்லிம் மலைக்கிராமமான சாரி-கெச்சூவில் எது உடைந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். பல வருடம் நகரத்துத் தொழிற்சாலையில் இருந்தவர், அதை மூடியபோது மனைவி புருலையும் ஒரு பழைய வெல்டிங் இயந்திரத்தையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அங்கே கிறிஸ்தவராகிவிட்டிருக்கிறார் என்பது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

தெரிந்த விதம் இதுதான். காலையில் முற்றத்தில் நின்று, தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்காகவும் பேர் சொல்லி ஜெபம் செய்வார். மெதுவாகப் பேசுகிறோம் என்றுதான் அவருக்கு நினைப்பு. தொழிற்சாலை இரைச்சலில் காது பாதி போயிருந்தது. எட்டாவது நாள் தெருக்கோடி எசென் வந்து வாசலில் நின்றான்.

"என் கோபத்தக் குறைக்கச் சொல்லி எதுக்குண்ணே ஊருக்கெல்லாம் சொல்றீங்க?"

"ஊருக்குச் சொல்லலப்பா. மேல சொன்னேன்."

"மேல சொல்றது கடைத்தெரு வரைக்கும் கேக்குது."

மறுநாளிலிருந்து பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார். அதுவும் கேட்டது.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. ஒருநாள் ஜன்னலில் கல் விழுந்தது. கண்ணாடியை மாற்றினார்; யார் எறிந்தது என்று கேட்கவில்லை. எறிந்தவனுடைய அடுப்புக் குழாய் அதே குளிர்காலத்தில் ஓட்டையானபோது போய் ஒட்டிக் கொடுத்தார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் பேசவில்லை. வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு வேலை செய்தது இருவருக்கும் வசதியாக இருந்தது.

இப்படியே பதினைந்து வருடம் ஓடியிருக்கும். அப்போதுதான் ஆற்றுக்கு அப்பால் ஒரு ஊரில் கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். கிறிஸ்தவருக்கு ஊர்ப் புதைகாட்டில் இடமில்லை என்று தகராறு. போலீஸ் வந்து, உடல் மூன்று இடம் மாறி, கடைசியில் எங்கோ தொலைவில் அடக்கமானது. அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள். சத்தார்குலுக்கு வயது அறுபத்தொன்று. ரத்த அழுத்தம் உண்டு. ஆட்டு வால் கொழுப்பு என்றால் உயிர்.

ஐந்து பேராக அவர் வீட்டுக்குப் போனோம். முல்லா ஜாக்கிப் முன்னால். நான் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் பின்னால். புருல் ரொட்டியும் தேநீரும் வைத்தாள். யாரும் தொடவில்லை. பிறகு பசித்ததால் எல்லோரும் தொட்டோம்.

"சத்தாரு, உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்," என்று முல்லா ஆரம்பித்தார். "உன்ன எங்க புதைக்கறதுன்னு நாங்க ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் நீ சாகக் கூடாது."

"அது என் கையில இல்லையே முல்லா."

முல்லா தலையாட்டினார். "அதுல நீ சொல்றது சரிதான்," என்றார். "ஆனா உன்னால முடிஞ்சதச் செய்."

முடிவெடுக்க மூன்று கூட்டம் போட்டோம். முடிவு வரவில்லை. சச்சரவு வந்தது. நாலாவது கூட்டத்தில், முடிவு வரும்வரை சத்தார்குலை உயிரோடு வைத்திருப்பது ஊரின் பொறுப்பு என்று தீர்மானித்தோம். அதற்கு மட்டும் எல்லாக் கையும் உயர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வெளியூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் செவிலி நூரிபா வந்து அவருக்கு அழுத்தம் பார்த்தாள். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே, "மேல் எண் எவ்வளவாம்?" என்று கேட்டார்கள். கறிக்கடைக்காரன் வால் கொழுப்புத் தர மறுத்தான். கூரையில் பனி விழுந்தால் அவர் ஏணியைத் தொடும் முன் நாலு பேர் மண்வெட்டியோடு ஏறினார்கள். அதில் ஒருவன் அந்தக் கல் எறிந்தவன்.

"முப்பது வருஷமா உப்பக் குறைங்கன்னு கத்தினேன்," என்றாள் புருல். "ஒரு ஊரே திரண்டு வந்தப்புறம்தான் குறைக்கிறார்."

பெரிய சண்டை அடுத்த ஜூன் மாதம் வந்தது. மேலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரை எசென் தன் முறைக்கு முன்பே திருப்பிவிட்டான் என்று அடுத்த வயல்காரன் தொல்கொன் சண்டைக்குக் கிளம்பினான். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர், கையில் மண்வெட்டி. கெட்ட வார்த்தை தாத்தாக்கள் வரை போய்விட்டது. நானும் இருந்தேன். எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல வேண்டியதில்லை.

சத்தார்குல் பட்டறை அங்கியோடு வந்து வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடுவே நின்றார்.

"அடிக்கறதுன்னா என்னத் தாண்டிப் போய் அடிங்க," என்றார். முகம் செங்கல் போலச் சிவந்திருந்தது.

எசென் மண்வெட்டியை அப்படியே நிறுத்தினான். "அண்ணே, வெளிய வாங்க. தண்ணி ஜில்லுனு இருக்கு."

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனா வர்றேன்."

"டேய் தொல்கொன், இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கடா வைப்போம்?" என்றான் எசென்.

ஒருவன் நூரிபாவைக் கூட்டிவர ஓடினான். அவள் கரையில் குந்தி, தண்ணீரில் நின்றவரின் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். நூற்றெண்பது. மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அன்று தண்ணீரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இருவருக்கும் போதவில்லை. யாருக்கும் மண்டை உடையவில்லை.

அதன்பிறகு எந்த வீட்டில் சத்தம் கேட்டாலும் சத்தார்குலைக் கூப்பிட்டார்கள். மாமியார் மருமகள் சண்டை, ஆட்டுப் பட்டிச் சண்டை, எல்லாவற்றுக்கும். அவர் பெரிதாக எதுவும் பேச மாட்டார். உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அதைப் பார்த்தே அவர்கள் அடங்கிவிடுவார்கள்.

ஒருநாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்: "உங்களுக்குப் பயமே கிடையாதாண்ணே?"

"இருக்கே. வாய்க்கால்ல கால் நடுங்கினது குளிரால இல்ல." கைக்கவசத்தைக் கழற்றினார். "மனசுல சமாதானம் இருக்கு. அது கர்த்தர் குடுத்தது, எங்கயும் போகல. ஆனா சில நாள் எங்க வச்சேன்னு தெரியாம, கண்ணாடியத் தேடற மாதிரி தேடறேன்."

அந்த இலையுதிர்காலத்தில் அவரே முல்லா வீட்டுக்குப் போனார். நகரத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னார். தன்னால் ஊர் இத்தனை நாள் கவலைப்பட்டது போதும், அங்கே சபைக்குச் சொந்தமாகப் புதைகாடு இருக்கிறது என்றார்.

செய்தி பரவியதும் யாரும் கூப்பிடாமலே பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடியது. குளிர்காலம் வருகிறது, அடுப்புக் குழாயை யார் ஒட்டுவது என்று ஒருவன் கேட்டான். தொல்கொன் எழுந்து, "நானும் எசெனும் அடுத்த ஜூன்ல என்ன பண்றது?" என்றான். சிரிக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

முல்லா நெடுநேரம் தாடியைத் தடவினார். "புதைகாட்டுச் சுவருக்குள்ள என்னால சம்மதிக்க முடியாது. அதக் கேக்காதீங்க," என்றார். "சுவருக்கு வெளிய கிழக்கால ஒரு சரிவு இருக்கு. அது மேய்ச்சல் நிலம். அதப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. ஆடுங்கதான் சொல்லணும்."

இரண்டு குடும்பத்தார் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் இன்றுவரை சமாதானமாகவில்லை. மற்றவர்கள் கை உயர்த்தினோம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் மதியம் சத்தார்குல் புருலை இடம் பார்க்கக் கூட்டிப் போனார். என்னையும் வரச் சொன்னார். சரிவில் காய்ந்த புல்லும் கல்லும்தான். கீழே ஆறும், அதற்கப்பால் பனி மலையும் தெரிந்தன. அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். முதல் முறையாக அவர் ஜெபம் எனக்குக் கேட்கவில்லை.

புருல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இங்க காத்து ஜாஸ்தியா இருக்கு. இவருக்கு உடனே சளி பிடிக்கும்."

"அப்போ எனக்கு அது தெரியாது புருல்."

"எனக்குத் தெரியுமே," என்றாள். வடக்குப் பக்கமாக ஒரு வரிசை பாப்ளர் மரம் நட வேண்டும் என்று சொல்லி, குழிகளுக்கு அங்கேயே அடி அளக்கத் தொடங்கினாள்.