சைக்கிள் கடைக்காரரின் கேள்வி

"எங்கை போறியள், ரீச்சர்?"

என் பழைய சைக்கிளில் நான் கடக்கும்போதெல்லாம், சண்டிலிப்பாய்ச் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர் தினமும் இதைக் கேட்பார். மெலிந்த மனிதர், முழங்கை வரை கிரீஸ். ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்பார்.

மதுரையிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க வந்த எனக்கு அது எரிச்சலாக இருந்தது. முதல் வருடம் கொழும்பில் இருந்தபோது யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கிருந்த பள்ளிக்கூடம் மறுபடி அழைத்ததும் போய்விடுவதென்றே நினைத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதவிருந்த அன்று காய்ச்சலில் படுத்துவிட்டேன். பத்து மணிக்குப் வாசல் படலையடியில் அவர் குரல் கேட்டது.

"ரீச்சர், இண்டைக்கு ஏன் ஒரு இடமும் போகேல்லை?"

கையில் மல்லித்தண்ணிப் பிளாஸ்க் இருந்தது.

"நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கறதில்லையே, எப்படித் தெரிஞ்சது அண்ணே?"

"உங்கடை செயின் கத்துறது சந்தி முழுக்கக் கேக்கும். இண்டைக்குக் கேக்கேல்லை."

கடை திறந்தபடி கிடக்கிறதென்று உடனே திரும்பிவிட்டார்.

கொழும்புக்கு வரவில்லையென்று எழுதினேன். இப்போது அவர் கேட்டால் இறங்கி நின்று பதில் சொல்கிறேன். செயினுக்கு எண்ணெய் விடட்டோ என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டார். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை.