சுவரில்லாத வீடும் ஒரு வண்டிக் கடலைக்கொடியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு மனு எழுதுவதற்கே எனக்கு மூன்று நாள் ஆகும். கோயிலுக்குப் போகும்போதெல்லாம், "எழுதட்டுமா முருகா?" என்று கேட்பேன். பதிலே வராது. போன கிருத்திகையன்று என் சம்சாரம்தான் சொன்னாள்: "அவருக்கு வேற சோலி இருக்குதுங்க. எழுதறதுன்னா எழுதுங்க, அவரை ஏன் தொந்தரவு பண்றீங்க?" அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது மலையாளத்து எல்லையோரம் வடகரப்பதிப் பக்கம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. பழைய ஓட்டு வீடு ஒரு மழைக்கு ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. புதுசு கட்டியே ஆகவேண்டும் என்று வந்தது. எங்களுக்கு ஒரே மகள். கோயமுத்தூரில் வீட்டுக்குப் பிளான் போடும் ஆபீசில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "அப்பா, நம்ம ஊட்டுக்கு நானே வரையறேன்" என்றாள். அவள் தனியாக வரைந்த முதல் வீடு அது. காகிதத்தை விரித்துக் காட்டினாள். கோடுகள் ரொம்பக் கம்மியாக இருந்தன. மிச்சத்தை அப்புறம் போடுவாள் என்று நினைத்து, "அருமையா இருக்குது அம்மிணி" என்று சொல்லிவிட்டேன். அவள் போடவே இல்லை.

படுக்கிற அறை இரண்டைத் தவிர மற்றதெல்லாம் ஒரே கூடம். அடுப்பு, சாப்பாட்டு மேசை, சோபா, டிவி, சாமி மேடை எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வைகாசியில் குடிபோனோம். என் சம்சாரத்தின் அண்ணன் நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டினார். எதிரொலி வந்தது.

"மாப்ளெ, மண்டபம் நல்லாருக்குதுங்க. எங்க பேத்தி காதுகுத்துக்கு இதையே புடிச்சுக்கறேன். பந்தி எந்தப் பக்கம்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் சம்சாரம் மட்டும் சிரிக்கவில்லை.

சோபாவையும் நாற்காலிகளையும் சுவரோரமாகத்தான் போட்டிருந்தோம். நடுவில் நடக்க வழி வேண்டுமே. அதனால் வருகிறவர்கள் நாலு பக்கச் சுவரிலும் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் காத்திருப்பதுபோல உட்காருவார்கள். எதிர்ச் சுவரில் இருப்பவருடன் பேசக் கத்த வேண்டும். பங்காளி ஒருவர், "நீங்க அங்கயே இருங்க, நான் போன்ல கூப்படறேன்" என்றார்.

சாமி கும்பிடுவதும் சங்கடமாகிவிட்டது. விடிகாலையில் விளக்கேற்றி, கண்ணை மூடிப் பாடுவேன். பின்னால் அடுப்பிலிருந்து சம்சாரத்தின் குரல் வரும்: "நாலாவது வரிய உட்டுட்டீங்க." இருபத்தைந்து வருஷமாக அந்த வரியை விட்டுத்தான் பாடிவந்திருக்கிறேன். நடுவில் சுவர் இருந்த மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் காற்று வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக்காற்றுக்கு ஜன்னல் என்றால் விளையாட்டு. முன்வாசலில் நுழைந்து, விளக்கை அணைத்து, தட்டிலிருந்த விபூதியைச் சாம்பார் மேல் தூவிவிட்டுப் பின்வாசலில் போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று தடவை விளக்கு அணைந்தது. சம்சாரம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திங்கற எடத்துல இருந்து கும்புடற எடம் வரைக்கும் ஒரே பொட்டக்காடுங்க. இதுல நின்னு சோறாக்கினா, யாரோ ஊட்டு விசேஷத்துக்குச் சமைக்கப் போன மாதிரி இருக்குது. குறுக்க ஒரு சுவரு வையுங்க. வெச்சதும் வர்றேன்."

வீடு கட்டும்போது நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகை பின்னால் அப்படியே இருந்தது. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அங்கே போய் விறகடுப்பு மூட்டிவிட்டாள். படுக்க மட்டும் புது வீட்டுக்கு வருவாள். நான் கையில் தட்டோடு கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

சுவர் வைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். "அம்மா எங்கப்பா இருக்கறாங்க?" என்பாள். "அடுப்புகிட்டத்தான் அம்மிணி" என்பேன். எந்த அடுப்பு என்று சொல்லமாட்டேன். போனை வைத்ததும் மனசு குத்தும். சாமிக்கு ஒரு கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்பேன். ஆடி முடிவதற்குள் ஒரு டப்பா கற்பூரம் தீர்ந்துவிட்டது. சுவர் வைத்தால், என் மகள் வரைந்த முதல் வீடு தப்பு என்று அவள் அப்பனே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு, புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அவளுடைய ஆபீஸ் மேடத்தைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். அதற்குள் சுவரும் இல்லாமல், சம்சாரமும் மனசார உள்ளே நிற்கவேண்டும்.

வெறிச்சென்று இருப்பதுதானே குறை, அதை நானே தீர்க்கிறேன் என்று இறங்கினேன். எனக்குத் தெரிந்தது தக்காளி நாற்றுதான். நாற்று வாடினால் என்ன செய்வோம்? மேலே நிழல்வலை கட்டுவோம். மிச்சமிருந்த பச்சை வலையைக் கூடத்துக்குக் குறுக்கே கட்டினேன். காற்றுக்கு அடைப்பாகத் தவிட்டு மூட்டைகளை அடுக்கினேன். கரண்ட் மீட்டர் பார்க்க வந்த மலையாளத்துக்காரர் வாசலில் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சேட்டா, சுகமில்லே? ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?"

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வலை வழியாக விழுந்த வெளிச்சத்தில் முகம், சட்டை, வேட்டி எல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை. செய்தி கேட்டுச் சம்சாரமும் கொட்டகையிலிருந்து வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"நாத்து எப்பப் புடுங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மேடம் வருவதாக இருந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள் கடலைக்காய் பிடுங்கினோம். வண்டி நிறையக் கொடி ஏறியபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் காய் முளைத்துவிடும். கொட்டகையில் இடமில்லை. எல்லாவற்றையும் கொண்டுவந்து புதுக்கூடத்தின் நட்டநடுவில் கொட்டச் சொன்னேன். என் உயரத்துக்குக் குவிந்தது. காய் ஆய வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

சம்சாரம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொட்டகையிலிருந்து காப்பி கொண்டுவந்தாள். பாதி மழைத்தண்ணீர். ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்க்கா, அடுப்பு இங்கயே சும்மா கெடக்குது. நீங்க எதுக்கு நனைஞ்சுட்டு நடக்கறீங்க?"

சம்சாரம் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய் கேஸைப் பற்றவைத்தாள்.

பால் பொங்குகிறவரை வாய் சும்மா இருக்குமா? "பிஞ்சத் தனியாப் போடு புள்ள" என்றாள். அப்புறம் கடலையை வறுத்தாள். வறுத்துக்கொண்டே யார் மருமகள் யாருடன் பேசுவதில்லை என்பதை விசாரித்தாள். அவர்கள் இங்கிருந்து சொல்ல, அவள் அங்கிருந்து திருத்தினாள். வறுத்த வாசனை கூடம் பூராவும் நிறைந்தது. எதிரொலியைக் காணோம்.

அந்த நேரத்தில் மகள் வந்து நின்றாள். நாளைக்கு மேடம் வருமுன் வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று ஒரு நாள் முன்னாலேயே பஸ் ஏறியிருக்கிறாள். குடை சொட்டச் சொட்ட வாசலில் நின்று, செம்மண் ஒட்டின தரையையும் தவிட்டு மூட்டையையும் பச்சை வலையையும் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் குடையை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்குள்ள எல்லாத்தையும் ஒழிச்சுடறேன் அம்மிணி. அம்மா ஆடியில இருந்தே கொட்டகையிலதான் இருக்கறா. நான்தான் உங்கிட்டச் சொல்லல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியை ஆட்டி ஆட்டி யாருடைய கதையையோ முடித்துக்கொண்டிருந்தாள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் உட்கார்ந்து ஒரு கொடியை எடுத்துக்கொண்டாள்.

"ஒழிக்க வேண்டாங்கப்பா. அந்த வலைய மட்டும் கழட்டுங்க. பழைய ஊட்டுல ஆராவது வந்தா, அம்மா சமையக்கட்டுக்குள்ள இருந்துட்டு 'என்னவாம், என்னவாம்'னு கேட்டுட்டே இருப்பாங்க. நீங்க போயிப் பாதியச் சொல்லுவீங்க. அதுக்காகத்தான் சுவரே இல்லாம வரைஞ்சேன்."

 என் சம்சாரம் அடுப்பை அணைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இத்தன வருஷமாப் பாதியத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?"

மறுநாள் மேடம் வந்தார். நாங்கள் குவியலை எடுக்கவில்லை. அவர் படம் எடுக்கும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பச்சைக்கடலை தின்ன உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

காய் ஆய்ந்து முடிந்ததும் அந்த இடத்தைக் காலியாக விட மனசு வரவில்லை. மகள் சோபாவையும் நாற்காலிகளையும் சுவரிலிருந்து இழுத்து, குவியல் கிடந்த இடத்தைச் சுற்றி நெருக்கமாகப் போட்டாள். நடுவில் பவானி ஜமக்காளம். வெள்ளை டியூப்லைட்டைக் கழற்றிவிட்டுத் தாழ்வாக மஞ்சள் பல்பு. சாமி விளக்குக்கு மட்டும் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டு. இவ்வளவுதான் செய்தது. வருகிறவர்கள் இப்போது முட்டி இடிக்க உட்கார்ந்து பேசுகிறார்கள். கிளம்ப மறந்துபோகிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கொத்தனார் கரண்டியும் தூக்குக்குண்டுமாக வந்து நின்றார். எனக்குத் தெரியாமல் சம்சாரம்தான் முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தாளாம். "சுவரு எங்கீங்க வெக்கோணும்?" என்று கேட்டார். அவள் அடுப்பிலிருந்தே எட்டிப் பார்த்து, "சுவரு வேண்டாங்க. வந்தது வந்தீங்க, மாட்டுத்தொட்டியில வெடிப்பு உட்டிருக்குது. அதப் பூசிட்டு, உள்ள வந்து காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். பெரிய வீடு கட்டிவிட்டு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். நல்லதாகத் தோன்றினாலும் ஒன்றையும் சேர்க்க வேண்டாம், கூச்சமாகத் தோன்றினாலும் ஒன்றையும் விட வேண்டாம். முருகன் எல்லாருடைய அடுப்பையும் பேச்சையும் காப்பாற்றட்டும்.