எத்தனை முறை பேசுவீர்கள்?

எப்போதும், அடிக்கடி, சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. இந்த ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போடச் சொல்லி நான் நீட்டிய தாளை ராத்தா தையல் மிஷின் மேல் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்கக் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தூக்கம் வராமல் தவிக்கிறீர்களா என்பது கேள்வி.

"அவுகளோட போன்ல பேசுனா நல்லாத் தூங்குவேன். பேசாட்டித் தூங்க மாட்டேன். இதுல எந்தக் கட்டத்துல போடணும் புள்ள?"

எனக்கும் தெரியவில்லை. 'சில நேரம்' என்பதில் நானே டிக் போட்டேன்.

அப்போது நான் உளவியலில் ஆய்வு மாணவி. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமார் வாரத்துக்கு எத்தனை முறை கணவரோடு போனில் பேசுகிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு மனக்கவலை இருக்கிறது, இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது என் ஆய்வு. அருப்புக்கோட்டைக்காரி என்பதால் எனக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் கதவு எளிதாகத் திறந்தது. எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் கருவேலங்காட்டைத் தாண்டினால் ராத்தாவின் ஊர். ரவிக்கை தைப்பார், சேலைக்கு ஓரம் அடிப்பார். தெருவே அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றது. இரண்டாம் நாளிலிருந்து நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எல்லாத் தாள்களையும் கணினியில் ஏற்றிய அன்று திரையில் புள்ளிகள் வந்து விழுந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண். சிதறிக் கிடந்தாலும் மொத்தத்தில் அவை இடமிருந்து வலமாக மேலேறின. அதிகம் பேசுகிறவர்களுக்குக் கவலையும் அதிகம். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. பேசுவதால் கவலை வருகிறதா, கவலை இருப்பதால் பேசுகிறார்களா, இரண்டையும் வேறேதோ ஒன்று கிளப்பிவிடுகிறதா? இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன என்று மட்டும் காட்டும் ஒட்டுறவு என்னும் கணக்கு இதில் எதையும் சொல்லாது. முதலாண்டு மாணவர்களுக்கும் தெரிந்த பாடம் இது.

கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பா கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதைக் கொடுக்கப் போனபோது ராத்தா கேட்டார்: "இம்புட்டுப் பேருகிட்ட எழுதி வாங்குனியே, என்னதான் தெரிஞ்சுச்சு?"

"நெறையப் பேசுறவுகதான் நெறையக் கவலப்படுறாக ராத்தா" என்றேன்.

இதற்கு அடுத்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் தெருமுனையில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அதை விட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். "வாரேன் ராத்தா" என்று ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு விவரம் கேட்க ராத்தாவுக்குப் போன் செய்தேன். "நீ சொன்னப்பறம் போனக் கொறச்சுட்டேன். இப்ப வெள்ளிக்கெழம மட்டுந்தான். மனசு லேசா இருக்கு, நல்லாத் தூக்கம் வருது" என்றார். பதற வேண்டிய நான் மகிழ்ந்துபோனேன். என் நெறியாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஒரு ஆள வச்சு என்னம்மா சொல்ல முடியும்? வெயில் தணிஞ்சிருக்கும், தையல் வேலை கூட வந்திருக்கும். போனைக் குறைக்காத இன்னொரு கூட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் அது சோதனை."

அப்படியொரு சோதனைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பெண்களைக் கணவரோடு பேசாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதை யாராலும் செய்ய முடியாது. ஒரு வீட்டில் மட்டும் அதை நான் செய்துவிட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் ராத்தாவின் கணவரை மதுரை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். ரத்தக் கொதிப்பு ஏறி இடது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையும் மாலையும் ராத்தா போன் செய்ததே, மாத்திரை போட்டாச்சா என்று கேட்கத்தான். எத்தனை முறை பேசுவீர்கள் என்று கேட்டிருந்தேன். என்ன பேசுவீர்கள் என்ற கேள்வி என் தாளில் இல்லை.

போய்ப் பார்க்கவே எனக்குப் பல மாதம் ஆயிற்று. ராத்தா திட்டுவார் என்று நினைத்தேன். வா என்று சொல்லி டீ போட உள்ளே போனார். கட்டிலில் சாய்ந்திருந்த அவர் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வெசனப்படாதீக. அவ போன் பண்ணுன காலத்துலயும் நான் மாத்திர போட்டதில்ல. போட்டாச்சுன்னு சும்மா சொல்லுவேன். இப்பிடி விழுந்ததுனாலதான் வீடு வந்து சேந்தேன். இல்லாட்டி அங்கனயே கெடந்து போயிருப்பேன்."

அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா? அந்த வாய் கோணிய சிரிப்பில் எதையும் படிக்க முடியவில்லை.

இப்போது ஒரு கல்லூரியில் ஆய்வு முறைகள் பாடம் எடுக்கிறேன். ஒட்டுறவு காரணமாகாது என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ராத்தாவின் கணவர் நினைவுக்கு வருகிறார். நான் சொன்னேன், அவர் விழுந்தார். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது, அவ்வளவுதான். பாடத்தின்படி நான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது. அதே பாடத்தின்படி, காரணமில்லை என்று நானும் நிறுவ முடியாது.

போன மாதம் போயிருந்தேன். ராத்தாவின் கணவர் இப்போது கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார். என்னை ஆட்டோ ஏற்றிவிட ராத்தா கூடவே வந்தார். வழியில் கேட்டார்:

"மாத்திரைய எப்பவுமே போட்டதில்லன்னு அவுக ஒங்கிட்டச் சொன்னாகளா?"

தலையசைத்தேன்.

"எங்கிட்டயும் சொன்னாக. ஒனக்கு மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாகளா, எனக்கு நோகக் கூடாதுன்னு சொல்றாகளா? நெசத்துக்குமே போடலையா? நீ படிச்சவ, சொல்லு."

"தெரியல ராத்தா."

ராத்தா நின்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டபடியே சொன்னார்.

"இந்தத் 'தெரியல'ய அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல, புள்ள."