ஓமாவில் முடியும் கட்டிகள்

கட்டிக்குப் பெயர் வைக்கும் தொழிலில் ஒரு வசதி, பெயர் பிடிக்கவில்லை என்று கட்டி சண்டைக்கு வராது. கட்டிக்குச் சொந்தக்காரர்தான் வருவார்.

பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். போத்தலில் வரும் சதைத்துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவது என் வேலை. அதைப் பார்த்துப் பெயர் வைப்பது டொக்டரின் வேலை. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். டொக்டர் சன்னலுக்கு வரமாட்டார், ஆகவே ரிப்போட் கொடுப்பதும் நான்தான். பெயரை வாசித்துக் காட்டலாம், விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி. உங்களில் யாராவது இப்படி ஒரு சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், அந்த விதி எத்தனை நிமிடம் தாங்கும் என்பது தெரிந்திருக்கும்.

கொழுப்பு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, ஆட்களை வேலை வாங்கும் ஒரு கங்காணி வந்தார். முதுகில் எலுமிச்சம்பழம் அளவில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. அது புற்றுநோய்தான் என்று அவரே முடிவுகட்டி, மகளின் கலியாணத்தைக்கூட அவசரப்படுத்தியிருந்தார். ரிப்போட்டில் 'லைப்போமா' என்று இருந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் இறுகிவிட்டது. சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"விடிஞ்சா ரொட்டி, பொழுதுபட்டா ரொட்டி. என் ஒடம்புல கொழுப்புன்னு எழுதிக் குடுத்தா லயத்துல பக்கத்து வீட்டாளுங்க சிரிப்பாங்க மிஸ். வேற பேரு போட முடியாதா?"

சுருக்கு வழி

நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை ஆட்கள் டொக்டரையா என்பார்கள். டொக்டருக்குப் படித்தவரல்ல, ஆனால் நல்ல மனிதர். தோட்டத்து ஆட்களின் ரிப்போட்டுகளை வாங்க வந்த ஒரு நாள், இந்தப் பெயர்களைப் புரிந்துகொள்ளச் சுருக்கு வழி ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன், பெருமையாக. அடினோமா, ஃபைப்ரோமா என்று வெறும் 'ஓமா'வில் முடிந்தால் சாதுவான கட்டி. கார்சினோமா, சார்கோமா என்று வந்தால் புற்றுநோய். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். விலக்குகளும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

அடுத்த மாதம் செல்லம்மா என்ற கொழுந்து எடுக்கும் பெண்ணின் ரிப்போட் மற்றவற்றோடு கட்டாக அவர் கையில் போனது. குதிகாலின் அடியில் கறுப்பு மறு. பெயர் 'மெலனோமா'. ஓமாவில்தான் முடிகிறது, ஆனால் புற்றுநோய்களிலேயே பொல்லாத ஒன்று. அவள் கிளினிக்குக்கு வரவில்லை என்று தாதி வந்து சொன்னதும் டொக்டரையாவைத் தொலைபேசியில் பிடித்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னவர், என் சுருக்கு வழியை எனக்கே ஒப்பித்தார்.

அன்றே அவளை வரவழைத்தோம். குதிகாலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். நல்ல காலம், நோய் வேறெங்கும் பரவியிருக்கவில்லை. கோல் ஊன்றிக்கொண்டு சன்னலுக்கு வந்தவளிடம், தப்பு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்:

"கெட்டதுக்குக் கெட்ட பேரா வெச்சிருந்தா நான் அன்னைக்கே வந்திருப்பேனே மிஸ். யாரு வெச்ச பேரு இது?"

எல்லைக்கோடு

எங்கள் ஆய்வுகூட டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரே ஒரு தடவை சன்னலுக்கு வந்தார். பசறையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குச் சூலகத்தில் கட்டி, ரிப்போட்டில் 'எல்லைக்கோட்டு வகை'. நான் சொன்னது அவள் புருஷனுக்கு விளங்கவில்லை. டொக்டர் பொறுமையாக, "நல்லதெண்டும் சொல்லேலாது, கெட்டதெண்டும் சொல்லேலாது. ரெண்டுக்கும் நடுவில நிக்குது, தொடர்ந்து பாக்கவேணும்" என்றார். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"லயத்துக்கு ரோடு கேட்டா தோட்டம் பிரதேச சபையக் காட்டுது, சபை தோட்டத்தக் காட்டுது. நடுவுல நிக்கிறத யாருங்க ஐயா பாப்பாங்க?"

தீங்கற்றது

ராஜேஸ்வரி என்ற கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு மேல்கையில் நரம்புக் கட்டி. புற்றுநோயல்ல. எடுத்த பிறகு விரல்கள் மரத்துப்போய், கூடைக் கயிற்றைக்கூட இறுக்க முடியவில்லை. இலகுவான வேலை கேட்டதற்கு, தோட்டத்து அலுவலகம் ரிப்போட்டைத் தமிழில் எழுதி வரச் சொன்னது. படித்த படிப்பை விடாமல், 'தீங்கற்ற கட்டி' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் வாசித்தார்கள். தீங்கு இல்லையே என்று மறுநாளே கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்து, வீங்கிய கையைச் சன்னல் பலகையில் வைத்தாள். நான் கிளினிக் டொக்டரைப் பிடித்து, கட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல், இந்தக் கை பாரம் தூக்காது என்று மட்டும் கடிதம் வாங்கினேன். அது வேலை செய்தது. இப்போது பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அன்று அந்தக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டது இது:

"இந்தக் காயிதத்துல நல்ல வார்த்தை ஒண்ணும் இல்லையே மிஸ்? இருந்தா மறுபடி மலைக்கு அனுப்பிருவாங்க."

கட்டிகளை வகைப்படுத்த உலகத்து டொக்டர்களெல்லாம் சேர்ந்து தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள், ஆனால் எங்கள் தோட்டங்களில் இன்றுவரை இரண்டே வகைதான்: நாளைக் காலையில் வேலைக்கு அனுப்பக் கூடியது, அனுப்ப முடியாதது.