அடுத்தவர் கம்பளம்

யதுல்லா கோர்கானிலிருந்து மஷ்ஹதுக்கு முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் பயணி நீட்டிய ஒரு பேரீச்சம்பழத்தைக்கூட அவர் வாயில் போட்டதில்லை. "ஒப்புக்குக் கூப்பிடுறவன் சோத்துல கை வைக்கிறதும் திருட்டுத்தான்" என்பார். எத்தனை முறை கூப்பிட்டாலும் நெஞ்சில் கை வைத்து, "உங்க கைக்கு நோவு வராம இருக்கட்டும்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிடுவார்.

குளிர்காலத்தில் அவர் மனைவி தூரான் இறந்துபோனாள். அதன் பிறகு அவருடைய இதயமும் பாதிதான் வேலை செய்தது. மேடு ஏறக்கூடாது, சமதரையில் மெல்ல நடக்கலாம் என்றார் மருத்துவர்.

நவ்ரோஸ் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் யாரும் வீட்டில் அடைந்து கிடக்கக் கூடாது. அன்று வருஷா வருஷம் காட்டில் ஒரு பீச் மரத்தடியில்தான் தூரான் கம்பளம் விரிப்பாள். இந்த முறையும் அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட வேண்டும் என்று மகன் பெஹ்ராங் உறுதியாக இருந்தான். அவன் சாலை அளவையாளன். ஒரு வாரம் முன்பே தனியாகப் போய், மரம் ஏற்றிப்போகும் பழைய வண்டித் தடத்தின் ஏற்ற இறக்கத்தைக் கருவி வைத்து அளந்தான். குழந்தைகள் சைக்கிள் விடுகிற பாதை. எங்கே நிழல், எங்கே உட்காரக் கட்டை, எல்லாம் குறித்துக்கொண்டான்.

"காட்டுக்கு நடக்கப் போறோமா, பாலம் கட்டப் போறோமா?" என்றாள் அக்கா ஷொகூஃபே, லெட்யூஸ் இலைகளை அலசியபடி.

"அப்பா வராருல்ல."

"வர்றேன்னு சொன்னாரா?"

பக்கத்திலேயே இருந்த யதுல்லா தேநீரை ஊதினார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

"வீடு எங்கயும் ஓடிடாதுப்பா. வாங்க."

"எனக்காக நீங்க மெதுவா நடக்கணும். எதுக்கு?"

"நீங்க இல்லாம நாங்க போவோமா?"

முதலில் மறுப்பது மரியாதை. விடாமல் அழைப்பது பிள்ளைகளின் கடமை. மூன்றாம் முறை அவர், "சரி, உன் இஷ்டம்" என்றார். பெஹ்ராங் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

பதின்மூன்றாம் நாள் காடெங்கும் கபாப் புகை. முதல் கட்டையருகே யதுல்லா நின்று பறவை பார்த்தார். கொஞ்சம் தள்ளிக் காலணிக் கயிற்றைக் கட்டினார். அப்புறம், பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற ஒரு புதரைக் காட்டி, "இது என்ன செடி?" என்றார். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சமோவாரைத் தூக்கி வந்த ஷொகூஃபே தம்பியைப் பார்த்தாள். அவன் பாதையைப் பார்த்தான். கருவி அதைச் சமதரை என்றுதான் காட்டியிருந்தது.

"அந்த வளைவு தாண்டினா மரம்தாம்பா."

"தெரியும்பா. உங்கம்மா கூட நான் வராத இடமா?"

வழியோரக் கம்பளங்களிலிருந்து எல்லோரும் கூப்பிட்டார்கள். அக்காவும் தம்பியும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிக்கொண்டே நடந்தார்கள். வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு மீசைக்காரர் ஆஷ் கஞ்சிப் பானையைக் கிளறியபடி, நிமிர்ந்தும் பாராமல், "வாங்க பெரியவரே, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார்.

யதுல்லா நின்றார். "வர்றேன்" என்றார்.

மீசைக்காரர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவசரமாகக் குழந்தையை நகர்த்தி இடம் செய்தாள். அதற்குள் யதுல்லா காலணியைக் கழற்றியிருந்தார்.

பெஹ்ராங் அவர் காதோரம் குனிந்தான். "அப்பா, அவங்க ஒப்புக்குக் கூப்பிட்டாங்கப்பா."

"தெரியும்."

"நம்ம மரம் இதோ..."

"அதுவும் தெரியும்." மூச்சு வாங்கியது. அந்நியரின் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மீசைக்காரர் ஒரு கிண்ணத்தை நிரப்பினார். "கூட்டம்னா பானைக்குத்தான் சந்தோஷம்" என்று சொல்லிப் பார்த்தார்.  யதுல்லா ஒரு கரண்டி ஆஷ் குடித்தார். கொஞ்சம் தாடியில் வழிந்தது. "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

பெஹ்ராங்கின் தோளில் அம்மாவின் கம்பளம் சுருட்டியபடி இருந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியும். மரம் அவ்வளவு பக்கம். திரும்ப வீட்டுக்குக் கூட்டிப் போகவும் முடியும். இரண்டுக்கும் முதலில் அவரைக் கேட்க வேண்டும். கேட்டால், வீட்டில் சொன்ன மாதிரியே, சரி என்றுதான் சொல்வார்.

"உக்காருடா. மரம் எங்க போயிடப் போகுது" என்றாள் ஷொகூஃபே.

 அவன் கம்பளத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து தன் காலணியை அவிழ்த்தான்.