ஜும்ஆ நேரத்துப் பேய்

போன வெள்ளிக்கிழமை மருமகன் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டதும் மகள் ஒரு புதுப் பேய்ப்படம் போட்டாள். கதவு திறந்தாலும் டமார், பூனை பாய்ந்தாலும் டமார், பேய் வந்தாலும் அதே டமார். எனக்கு நெஞ்சு அடைத்ததே ஒழியப் பயம் வரவில்லை. "இது பேயா மகள், வெடிக்கடையா?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம்.

மருமகன் பூசிப்போன அத்தர் இன்னும் வாசலில் மணத்தது. அந்த மணமும் பேயும் சேர்ந்தால் நான் எண்பதுகளின் நிந்தவூருக்கு, என் வாப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். காக்கா, என் அண்ணன், சவூதியிலிருந்து ஒரு டெக் கொண்டுவந்திருந்தார். வீடியோ இயந்திரத்துக்கு அப்போது அதுதான் பெயர். வாப்பாவுக்குப் பேய்ப்படம் ஆகாது. ஆகவே ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய், அத்தர் மணம் தெருமுனை தாண்டியதும் ஜன்னல்களில் ஆண்கள் உடுத்தும் சாரங்களைத் தொங்கவிட்டு இருட்டாக்குவோம். உம்மா, ராத்தா என்று நான் கூப்பிடும் அக்கா, நான், மகேஸ்வரி.

மகேஸ்வரி பக்கத்துத் தமிழூரான வீரமுனைக்காரி. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். முஸ்லிம் பாடசாலை என்பதால் அவளுக்கும் வெள்ளி லீவு. பாடக்குறிப்பு எழுதப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வருவாள். நல்ல டீச்சர்மார்தான் நாங்கள்!

பள்ளியில் குத்பா பிரசங்கம் நடக்கும் நேரத்தில் சத்தம் போடுவது பாவம் என்று உம்மா டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். படம் பார்ப்பது மட்டும் பாவமில்லையாக்கும்! ஊமைப் பேய், பின்னணியில் பள்ளி ஸ்பீக்கரில் குத்பா. நீங்கள் நம்பமாட்டீர்கள், அதுதான் பயம். வெள்ளைச்சேலைப் பேயின் காலில் ரப்பர் செருப்பு தெரிந்த அன்றுகூட நடுங்கினோம். "பேய்க்கும் முள்ளுக் குத்தும்தானே கா," என்றாள் மகேஸ்வரி, நடுங்கிக்கொண்டே.

நான் ஆயத்துல் குர்ஸி ஓதி என் நெஞ்சில் ஊதிக்கொள்வேன். "எனக்கும் ஊது கா," என்று தலையை நீட்டுவாள். பதிலுக்குத் தன் கைப்பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசுவாள். ஒருநாள் அதை அழிக்க மறந்து வாப்பாவுக்குச் சோறு போட்டேன்.

"என்ன மகள், மாவா?"

"ஓம் வாப்பா, மா."

வாப்பா சோற்றைப் பிசைந்தார். அடுத்த வெள்ளி பள்ளிக்குப் போகும்போது, "அந்த டீச்சர்புள்ளய சோறு குடுக்காம அனுப்பாத," என்றார். எல்லாம் தெரிந்திருக்கிறது மனிசனுக்கு.

தொழுகை முடிந்து ஸ்பீக்கரில் இமாம் ஸலாம் கொடுத்ததும் படத்தை நிறுத்திவிட வேண்டும். மிச்சம் அடுத்த வெள்ளி. ஒரு கிழமை முழுக்கப் பேய் எங்களோடு கிணற்றடிக்கும் வகுப்பறைக்கும் வரும். இந்தக் காலத்துப் படங்கள் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. பயப்பட நேரம் எங்கே?

கடைசியாகப் பார்த்தது ஒரு குளத்து ஜந்துவின் படம். ரப்பர் தோல், முதுகில் தையல்கூடத் தெரிந்தது. ஒரு பெண் கரையில் குனிந்து தண்ணீர் அள்ளுகிறாள்; பின்னால் ஒரு கை எழும்புகிறது. ஸலாம் கேட்டது. நிறுத்திவிட்டோம்.

"நான் வராமப் பாக்கப்படா. சத்தியம் பண்ணு கா."

"வல்லாஹி, பாக்கமாட்டன்."

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். அந்தக் கிழமையே தமிழ்-முஸ்லிம் கலவரம் வந்தது. பாதை அடைபட்டது. அவர்கள் பக்கமும் வீடுகள் எரிந்தன, எங்கள் பக்கமும் எரிந்தன. பாதை திறந்ததும் வாப்பாவே அவளைத் தேடிப் போனார். வீடு நின்ற இடத்தில் சுவர்தான் இருந்ததாம். அகதி முகாமில் இருக்கிறாள் என்றார் ஒருவர். தோணியில் இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்றார் இன்னொருவர். அன்று வாப்பா சோறு தின்னவில்லை. நான் எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவள் போனில் தட்டித் தட்டி அந்தப் படத்தையே எடுத்துவிட்டாள். "முழுப்படமும் இருக்கு உம்மா!" அதே குளம், அதே கை.

"நிப்பாட்டு மகள்."

டெக்கும் போயிற்று, வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். அந்த ஜந்து கரையில் குனிந்தவளைப் பிடித்ததா விட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகேஸ்வரிக்கு என்ன ஆனதென்றும் தெரியாது.